ஹான்ஸ்பெரிக்கு முன்னாடி யாருமே எழுதலயா?

கேள்வி இதுதான்: "அமெரிக்க நாடகத்துல கறுப்பினப் பெண்கள்னு தேடுனா எல்லா இடத்துலயும் லொரெய்ன் ஹான்ஸ்பெரி, 1959னுதான் வருது, அவங்கதான் முதல் ஆளுன்னு போட்டிருக்கு. அதுக்கு முன்னாடி யாருமே எழுதலயா, இல்ல எழுதுனத யாரும் மேடை ஏத்தலயா? புதுசா படிக்கிறவங்க எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?"

நாடகம் படிக்கிறதும், நண்பர்களோட உக்காந்து அத சத்தமா வாசிக்கிறதும் எனக்கு பல வருஷப் பழக்கம், அதுலயும் நீங்க கேட்ட விஷயம் என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல நேரடி பதில். எழுதுனாங்க, நெறையவே எழுதுனாங்க, மேடையும் ஏத்துனாங்க. ஹான்ஸ்பெரி முதல் ஆளுங்கறது பிராட்வேக்கு மட்டும்தான் பொருந்தும். பிராட்வேன்னா நியூயார்க்ல டைம்ஸ் ஸ்கொயர சுத்தி இருக்கிற, 500 சீட்டும் அதுக்கு மேலயும் இருக்கிற நாப்பது சொச்சம் தியேட்டருங்க. பெரிய காசு போட்டு பெரிய காசு எடுக்கிற இடம். அங்க போய் சேந்தாதான் பத்திரிகைக்காரங்க திரும்பிப் பாப்பாங்க, புஸ்தகத்துல பேரு வரும். அதனால அங்க யாரு முதல்ல போனாங்களோ அவங்கதான் வரலாறோட ஆரம்பம்னு ஆயிருச்சு. ஆனா எனக்கு இத படிக்கப் படிக்க தோணுனது வேற. இந்தப் பெண்கள் எப்போ பேச ஆரம்பிச்சாங்கன்னு கேட்டா பாதி விஷயம்தான் கிடைக்கும். அவங்க எழுதுன நாடகத்தோட கடைசி சீன் எப்படி இருக்கணும்னு யாரு முடிவு பண்ணாங்கன்னு கேளுங்க, அப்போதான் முழுக்கதையும் வெளிய வரும். அந்தக் கதைக்கு நடுவுல ஆலிஸ் சில்ட்ரெஸ்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்களப் பத்திதான் இதுல நெறைய பேசப்போறேன்.

அதுக்கு முன்னாடி ரெண்டு பேரச் சொல்லிடறேன். 1916 மார்ச்ல வாஷிங்டன்ல ஆஞ்சலினா வெல்ட் கிரிம்கே எழுதுன 'ரேச்சல்'னு ஒரு நாடகம் போட்டாங்க. லிஞ்சிங் பத்தினது. லிஞ்சிங்னா கோர்ட்டும் கிடையாது விசாரணையும் கிடையாது, வெள்ளக்காரக் கும்பல் கூடி ஒரு கறுப்பின ஆள இழுத்துட்டுப் போய் கொல்றது, பெரும்பாலும் மரத்துல தொங்கவிட்டு. ரேச்சல்ங்கற பொண்ணுக்கு கொழந்தைங்கன்னா உசுரு. அப்பாவையும் அண்ணனையும் அப்படித்தான் கொன்னாங்கன்னு ஒருநாள் அம்மா வாயால கேட்டப்புறம், இந்த ஊர்ல ஒரு கொழந்தையப் பெத்து நான் யாருக்குக் குடுக்கறதுன்னு கல்யாணமே வேணாம்னு முடிவு பண்றா. நாடகம் அங்கயே முடிஞ்சிருது. பாக்கறவங்களுக்கு ஆறுதலா ஒரு வரி கூட கிடையாது.

இன்னொருத்தங்க ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சன். வாஷிங்டன்ல எஸ் ஸ்ட்ரீட்ல அவங்க வீட்டுல சனிக்கிழமை சனிக்கிழமை எழுத்தாளருங்க கூடுவாங்க, ஹார்லெம் மறுமலர்ச்சின்னு (நியூயார்க்ல கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதிய மையமா வச்சு அவங்க எழுத்தும் கலையும் செழிச்சது) நாம படிக்கிற காலத்தோட முக்கியமான ஆளுங்க பல பேர் அந்த வீட்டு வாசப்படி ஏறுனவங்க. இவங்களும் லிஞ்சிங் பத்தி ஒரு அங்க நாடகங்களா எழுதுனாங்க. சின்ன வீடு, அடுப்பாங்கற, பாட்டி, பேரன், வெளிய கும்பல் சத்தம், அவ்வளவுதான் செட்டு. கொலை மேடைல நடக்காது, வீட்டுக்குள்ள இருக்கிற பொம்பளைங்க முகத்துலதான் நடக்கும். பெரிய தியேட்டர் எதுவும் இதப் போடப்போறதில்லன்னு தெரிஞ்சு எழுதுன மாதிரியே இருக்கும், ஒரு ஸ்கூல் ஹால்லயோ சர்ச் ஹால்லயோ நாலு நாற்காலி இருந்தா போட்டுடலாம். 1935லேருந்து 1939 வரைக்கும் அரசாங்கமே நடத்துன ஃபெடரல் தியேட்டர் திட்டத்துக்கு இந்த நாடகங்கள அனுப்பினாங்க, திருப்பி அனுப்பிட்டாங்க. 1966ல அவங்க காலமானப்போ, இறுதிச்சடங்கு முடிஞ்சு வந்த அன்னைக்கே வீட்ட ஒழிச்சு கையெழுத்துப் பிரதிங்கள தூக்கிப் போட்டாங்கன்னு அவங்க நண்பர் ஒருத்தர் பின்னாடி சொல்லிருக்காரு. இதப் படிச்ச அன்னைக்கு எனக்கு வேற எதுலயும் மனசு போகல. "யாருமே எழுதலயா"ன்னு நாம இன்னைக்கு கேக்கறதுக்கு ஒரு காரணம் அந்தக் குப்பைலயும் இருக்கு.

இப்போ சில்ட்ரெஸ். சௌத் கரோலினால சார்ல்ஸ்டன்ல பொறந்து, ஹார்லெம்ல பாட்டிகிட்ட வளந்தவங்க. பாட்டியும் பேத்தியும் ஜன்னல்கிட்ட உக்காந்து தெருவப் பாப்பாங்களாம், அந்தா போறாரே ஒரு ஆளு, அவரு மனசுல இப்போ என்ன ஓடுதுன்னு நெனைக்கிறன்னு பாட்டி கேப்பாங்களாம், இவங்க கத சொல்லணும். ஹைஸ்கூல் கூட முடிக்கல. வீட்டு வேலை, கடைல சேல்ஸ் வேலை, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுன்னு வயித்துப் பொழப்புக்கு என்னென்னவோ செஞ்சுக்கிட்டே 1940கள்ல அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர்ல நடிகையா பத்து வருஷத்துக்கு மேல இருந்தாங்க. 1944ல 'அன்னா லூக்காஸ்டா'ன்னு ஒரு நாடகத்தோட பிராட்வே மேடையும் ஏறிட்டாங்க. ஆனா நடிகையா. அது முக்கியம். கறுப்பினப் பெண்கள் பிராட்வே மேடைல பாடிருக்காங்க, ஆடிருக்காங்க, வேலைக்காரியா ஆயிரம் தடவ கதவத் தொறந்து விட்டிருக்காங்க. அவங்க குரல் அங்க கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு, ஆனா அந்தக் குரல்ல வந்த வார்த்தை வேற யாரோ எழுதிக் குடுத்தது.

சில்ட்ரெஸ் எழுதுன முதல் நாடகம் 'ஃப்ளாரன்ஸ்', 1949. ஒரே ராத்திரில எழுதுனதா சொல்வாங்க. அமெரிக்காவோட தெற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரு, ரயில்வே ஸ்டேஷன், வெயிட்டிங் ரூம். ரூமுக்கு நடுவுல ஒரு தடுப்புக் கம்பி. அந்தப் பக்கம் 'வெள்ளையர்'னு போர்டு, இந்தப் பக்கம் 'கறுப்பர்'னு போர்டு. ஒரு அம்மா ரயிலுக்குக் காத்திருக்காங்க. மக ஃப்ளாரன்ஸ் நியூயார்க்ல நடிகையாகணும்னு போய் கஷ்டப்படறா, சான்ஸ் கிடைக்கல, அம்மா போய் பேசி கையோட ஊருக்குக் கூட்டிட்டு வந்துடலாம்னு கெளம்பிருக்காங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் மிஸஸ் கார்ட்டர்னு ஒரு வெள்ளக்காரம்மா வந்து உக்காறாங்க. நல்லவங்க மாதிரிதான் பேசறாங்க, எனக்கு உங்க ஆளுங்க மேல ரொம்ப மரியாதை, என் தம்பி உங்களப் பத்திதான் நாவல் எழுதறான்னு ஆரம்பிச்சு, அந்த நாவல்ல வர்ற பொண்ணு தான் முழு வெள்ளையா பொறக்கலயேன்னு தற்கொலை பண்ணிக்கிற சீன அங்கயே நடிச்சுக் காட்டறாங்க. அம்மாவால தாங்க முடியல. அப்படிக் கிடையாது, எங்கள்ல யாரும் அதுக்காக சாகறதில்லன்னு சொல்றாங்க. அப்புறம், இவங்களுக்கு நாடக உலகத்துல ஆளுங்களத் தெரியுதுன்னு தெரிஞ்சதும் பெத்த மனசு கேக்காம, என் பொண்ணுக்கு எதாவது உதவி பண்ணுங்கன்னு கேக்கறாங்க. மிஸஸ் கார்ட்டர் சந்தோஷமா ஒத்துக்கறாங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு டைரக்டரம்மா இருக்காங்க, அவங்க வீட்டுல உங்க பொண்ண வேலைக்காரியா சேத்துக்கச் சொல்றேன்னு.

அந்த வார்த்த காதுல விழுந்த நிமிஷத்துல அம்மா மனசு மாறிருது. ஊருக்குக் கூட்டிட்டு வரணும்னு கெளம்பினவங்க, டிக்கெட்டுக்கு வச்சிருந்த காச அப்படியே மகளுக்கு அனுப்பறாங்க, கூட ஒரு சின்ன சீட்டு, விடாம முயற்சி பண்ணுன்னு. அவ்வளவுதான் நாடகம். பொண்ணு மேடைக்கே வரல, ஒரு வார்த்த பேசல, ஆனா நாடகம் முழுக்க அவளோடது. கெட்டவங்க கெடுதல் பண்றத எழுதறது சுலபம், உதவி பண்றேன்னு வர்றவங்க மனசுக்குள்ள நீ இவ்வளவுதான்னு ஒரு கோடு இருக்கே அத எழுதறதுதான் கஷ்டம். சில்ட்ரெஸ் அத தன்னோட முதல் நாடகத்துலயே புடிச்சிட்டாங்க.

அடுத்தது 'ட்ரபிள் இன் மைண்ட்'. 1955 நவம்பர்ல நியூயார்க் கிரீனிச் மியூஸ்ங்கற சின்ன தியேட்டர்ல போட்டாங்க. அந்த வருஷம் என்ன வருஷம்னு பாருங்க. ஆகஸ்ட்ல மிசிசிப்பில எம்மெட் டில்னு 14 வயசு கறுப்பினப் பையன வெள்ளக்காரங்க கொன்னாங்க, டிசம்பர்ல மாண்ட்கோமரில ரோசா பார்க்ஸ் வெள்ளக்காரருக்காக பஸ் சீட்ட விட்டு எந்திரிக்க மாட்டேன்னாங்க. ரெண்டுக்கும் நடுவுல இந்த நாடகம். கதை ஒரு நாடக ரிகர்சல்ல நடக்குது. வைலெட்டா மேயர்னு நடுத்தர வயசுல இருக்கிற ஒரு கறுப்பின நடிகை, காலமெல்லாம் வேலைக்காரி வேஷமும் அம்மா வேஷமும் போட்டவங்க. ஆரம்பத்துல ஒரு புதுப் பையனுக்குத் தொழில் நுணுக்கம் சொல்லிக்குடுக்கறாங்க. டைரக்டர் ஜோக் அடிச்சா சிரிச்சிரு, ஸ்கிரிப்ட் எப்படின்னு கேட்டா பிரமாதம்னு சொல்லிரு, இதுக்கு முன்னாடி நடிக்கலன்னா கூட நடிச்சிருக்கேன்னு சொல்லுன்னு. படிக்கறப்போ பாவமா இருக்கும், ஏன்னா அந்தம்மா தன் வாழ்க்கை பூராவும் இப்படித்தான் பொழச்சிருக்காங்க.

ரிகர்சல் நடக்கிற அந்த உள் நாடகம் லிஞ்சிங்க எதிர்த்து ஒரு வெள்ளைக்காரர் எழுதுனது. டைரக்டர் மேனர்ஸும் வெள்ளைக்காரர், தன்ன முற்போக்குன்னு நம்பறவரு. அதுல ஒரு அம்மா, கும்பல் தேடற தன் மகன நீயே போய் சரணடைன்னு வெளிய அனுப்பறா, அவனக் கொன்னுடறாங்க. அந்த அம்மா வேஷம் வைலெட்டாவுக்கு. வைலெட்டாவுக்கு ஒரே ஒரு கேள்விதான்: எந்த அம்மா இதச் செய்வா? உள்ளேருந்து உணர்ந்து நடின்னு டைரக்டர் சொல்லிக்கிட்டே இருக்காரு, அவங்க உள்ள போய்ப் பாக்கப் பாக்க அந்த சீன் பொய்னு தெரியுது, பொய்னு தெரிஞ்சப்புறம் வாயத் தொறந்து அந்த வசனத்த சொல்ல முடியல. எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இது. கோஷம் போட்டு கலகம் பண்ற ஆளா அவங்கள காட்டல. நடிப்ப ஒழுங்கா செய்யணும்னு நெனச்ச ஒரு தொழில்காரி, அந்த ஒழுக்கமே அவங்கள அங்க கொண்டு போய் நிறுத்துது.

முதல் அங்கத்துல ஒரு சின்ன எடம் இருக்கு, அதச் சொல்லாம தாண்ட முடியல. டைரக்டர் ஒரு காகிதத்த கசக்கி கீழ போட்டுட்டு, எடுன்னு சொல்றாரு வைலெட்டாகிட்ட. அவங்க புரியாம பாக்கறாங்க, நான் போடலயே, கூட்டறவரு வருவாருல்லங்கற மாதிரி சொல்றாங்க. அவரு கொரல ஒசத்தி எடுங்கறாரு. அவங்க குனிஞ்சு எடுக்கறாங்க, உள்ள கொதிக்குது. ஒடனே அவரு சிரிச்சுக்கிட்டே, பாத்தியா, இதுதான் நீ இதுவரைக்கும் செஞ்சதுலயே நல்ல நடிப்பு, இந்த உண்மைதான் எனக்கு வேணும்ங்கறாரு. நாங்க அஞ்சு பேரு ஒரு வீட்டு மொட்ட மாடில உக்காந்து இத வாசிச்சோம், டைரக்டர் வரிகள வாசிச்ச நண்பர் ஒரு ஆர்வத்துல நிஜமாவே பக்கத்துல கெடந்த பேப்பர கசக்கித் தரைல போட்டுட்டாரு. வைலெட்டா வரிகள வாசிச்சவங்க அந்தப் பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அடுத்த வரி அவங்களோடது, ஆனா வரல. கொஞ்ச நேரம் யாருமே பேசல. அவமானப்படுத்தறதும் நடிப்பு சொல்லிக்குடுக்கறதும் ஒரே கையசைவுல நடக்குதுங்கறத எந்தக் கட்டுரைய விடவும் அந்த கசங்குன பேப்பர் எங்களுக்குச் சொல்லிருச்சு.

ஷெல்டன்னு ஒரு பெரியவரு வர்றாரு, எல்லாத்துக்கும் ஆமா சாமி போடற ஆளு, வேலை போயிடுமோன்னு பயந்துக்கிட்டே இருப்பாரு. லிஞ்சிங் பத்தின நாடகம் போடறாங்களே ஒழிய அந்தக் கூட்டத்துல நிஜமா ஒண்ணப் பாத்தவரு அவரு ஒருத்தர்தான், சின்ன வயசுல. அத அவரு சொல்ற எடத்துல ரிகர்சலே நின்னுடும். கடைசில வைலெட்டா டைரக்டர நேருக்கு நேரா கேக்கறாங்க, உங்க புள்ளைய நீங்க இப்படி சாகறதுக்கு அனுப்புவீங்களான்னு. அவரு பொறுமை உடைஞ்சு கத்தறாரு, என் மகனையும் இவனையும் ஒப்பிடாத, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணுமே கெடயாதுன்னு. சொல்லி முடிச்சப்புறம்தான் தான் என்ன சொன்னோம்னு அவருக்கே தெரியுது. அந்த ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருது. நாளைக்கு ரிகர்சலுக்கு வைலெட்டாவ கூப்பிட மாட்டாங்கன்னும் தெரியுது. காலி மேடைல, தியேட்டரோட வயசான வாச்மேன் ஹென்றிய மட்டும் வச்சுக்கிட்டு, பைபிளோட சங்கீதப் புஸ்தகத்துலேருந்து தனக்குப் புடிச்ச ஒரு பகுதிய சொல்றாங்க வைலெட்டா. யாரும் ஜெயிக்கல. ஒருத்தங்க பொய்ய சொல்ல மறுத்தாங்க, அதுக்கு வேலை போச்சு, அவ்வளவுதான்.

இதுக்கப்புறம் நாடகத்துக்கு வெளிய நடந்ததுதான் மனச அறுக்குது. 1955லயே தயாரிப்பாளருங்க இந்த முடிவு வேணாம், எல்லாரும் சமாதானம் ஆகற மாதிரி முடிச்சாத்தான் போடுவோம்னாங்க. கூட நடிக்கிறவங்க பொழப்பு போயிடுமேன்னு சில்ட்ரெஸ் ஒத்துக்கிட்டாங்க, மாத்துனாங்க, அதுக்காக பின்னாடி ரொம்ப வருத்தப்பட்டாங்க. அப்படியே 91 காட்சி ஓடுச்சு. அப்புறம் பிராட்வேலேருந்து கூப்பிட்டாங்க. 1957 ஏப்ரல்ல திறக்கறதா அறிவிப்பே வந்துச்சு, 'சோ எர்லி மண்டே மார்னிங்'னு தலைப்ப மாத்தி. ஆனா காசு போடறவங்களுக்கு இன்னும் பத்தல, இத மாத்து, அத மென்மையாக்குன்னு திரும்பத் திரும்ப எழுத வச்சாங்க. ஒரு கட்டத்துல எது தன்னோட நாடகம்னு தனக்கே அடையாளம் தெரியாமப் போயிருமோன்னு ஆனப்போ, ஒரு தடவ பண்ண தப்ப மறுபடியும் பண்ண மாட்டேன்னு நாடகத்த திரும்ப வாங்கிட்டாங்க. பிராட்வே கைய விட்டுப் போச்சு. ஒத்துக்கிட்டிருந்தா பிராட்வேல நாடகம் போட்ட முதல் கறுப்பினப் பெண் எழுத்தாளர்னு நீங்க தேடுன எடத்துலயெல்லாம் ஆலிஸ் சில்ட்ரெஸ்னு இருந்திருக்கும், 1959ங்கற எடத்துல 1957ன்னு இருந்திருக்கும்.

பொய்யான முடிவுள்ள நாடகத்துல நடிக்க மாட்டேன்னு சொன்ன நடிகையப் பத்தி எழுதுனவங்க, அந்த நாடகத்துக்கே பொய்யான முடிவு கேட்டப்போ, தான் எழுதுன பாத்திரம் செஞ்சதையே செஞ்சாங்க. அவங்க 1994ல காலமானாங்க. நாடகம் பிராட்வேக்கு வந்தது 2021 நவம்பர் 18ல, ரவுண்டபௌட் தியேட்டர் கம்பெனி போட்டாங்க, லாஷான்ஸ் வைலெட்டாவா நடிச்சாங்க, முடிவு சில்ட்ரெஸ் எழுதுன முடிவு. அரங்கேறி 66 வருஷம் கழிச்சு. பிராட்வே நாடகங்களுக்குக் குடுக்கிற டோனி விருதுக்கு நாலு பரிந்துரை வந்துச்சு. அந்த சமயத்துல பலரும் இது நேத்து எழுதுன மாதிரி இருக்குன்னு பாராட்டுனாங்க. அந்தப் பாராட்டு எனக்கு சந்தோஷத்தக் குடுக்கல, அந்தம்மா உசுரோட இருந்தப்பவும் அது அப்படியேதானே இருந்துச்சு.

ஹான்ஸ்பெரிக்கு வர்றேன். சில்ட்ரெஸ பெருசா சொல்றதுக்காக இவங்கள கொறச்சுப் பேசவே கூடாது, அது ரொம்பத் தப்பு. ரெண்டு பேரும் பாடகரும் நடிகருமான பால் ராப்சனோட 'ஃப்ரீடம்' பத்திரிகைல 1950கள் ஆரம்பத்துல எழுதுனவங்க. ஹான்ஸ்பெரி சிகாகோ பொண்ணு. அவங்க அப்பா 1937ல வெள்ளக்காரங்க ஏரியால வீடு வாங்குனாரு, அங்க கறுப்பருக்கு வீடு விக்கக்கூடாதுன்னு பத்திரத்துலயே எழுதி வச்சிருந்த காலம். வீட்டு முன்னாடி கும்பல் கூடுச்சு, எறிஞ்ச கல்லு ஒண்ணுலேருந்து சின்னப் பொண்ணா இருந்த லொரெய்ன் தலை நூலிழைல தப்பிச்சுது, ராத்திரில அம்மா கைல துப்பாக்கியோட காவல் இருந்தாங்க. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1940ல குடும்பம் ஜெயிச்சுது. 'எ ரெய்சின் இன் த சன்' இந்த அனுபவத்துலேருந்து வந்ததுதான். அப்பா செத்து வந்த 10,000 டாலர் இன்சூரன்ஸ் காசு, அத வச்சு மகன் கடை போடணும்ங்கறான், மக டாக்டருக்குப் படிக்கணும்ங்கறா, அம்மா ஒரு வீடு வேணும்ங்கறாங்க, வாங்குன வீடு வெள்ளக்காரங்க ஏரியால. 1959 மார்ச் 11 அன்னைக்கு பிராட்வேல திறந்துச்சு, அப்போ ஹான்ஸ்பெரிக்கு 28 வயசு, 530 காட்சி ஓடுச்சு, டைரக்டர் லாயிட் ரிச்சர்ட்ஸ், சிட்னி பாய்ட்டியே, ரூபி டீ, க்ளாடியா மெக்நீல், டயானா சாண்ட்ஸ் நடிச்சாங்க. பிராட்வேக்கு முன்னாடி ஃபிலடெல்ஃபியால வெள்ளோட்டம் பாத்தப்போ எஃப்பிஐ ஆளு ஒருத்தர் டிக்கெட் வாங்கி உக்காந்து பாத்து, இதுல கம்யூனிசம் இருக்கான்னு ரிப்போர்ட் எழுதிருக்காரு. ஒரு குடும்பம் வீடு மாறற கதைக்கு இவ்வளவு காவல்.

அங்கயும் முடிவு விஷயம்தான் எனக்கு முக்கியமாப் படுது. குடும்பம் பொட்டி கட்டிட்டு புது வீட்டுக்குக் கெளம்பறதோட நாடகம் முடியுது, அம்மா கடைசியா அந்தச் சின்ன செடிய எடுத்துக்கிட்டுப் போறாங்க. சில விமர்சகருங்க சுபமான முடிவுன்னு எழுதுனாங்க. ஹான்ஸ்பெரி கோவமா சொன்னாங்க, அத சுபம்னு நெனைக்கிறவரு அந்தக் குடும்பம் குடிபோற ஏரியாவுல வந்து வாழ்ந்து பாக்கட்டும்ங்கற அர்த்தத்துல. அதுக்கு முந்தின ஒரு வரைவுல முடிவே வேற, புது வீட்டுல இருட்டுல குடும்பம் ஆயுதத்தோட உக்காந்து தாக்க வர்றவங்களுக்காகக் காத்திருக்கு. அவங்க அம்மா காத்திருந்த மாதிரியே. மேடைக்கு வந்த நாடகத்துல வேற சிலதும் வெட்டுப்பட்டுச்சு, மக பெனித்தா முடிய நேராக்கறத விட்டுட்டு தன்னோட இயல்பான சுருட்டை முடியோட வந்து நிக்கிற சீன், பேரப் பையன் தெருவுல எலி அடிச்சத சொல்ற சீன், எல்லாம் பின்னாடிதான் புஸ்தகத்துக்குத் திரும்பி வந்துச்சு. அதனால நீங்க வாங்கறப்போ வெட்டாத முழுப் பதிப்பாப் பாத்து வாங்குங்க. 1965 ஜனவரி 12, ஹான்ஸ்பெரி கணையப் புற்றுநோய்ல போயிட்டாங்க, வயசு 34. பிராட்வேல ஓடிக்கிட்டிருந்த அவங்க ரெண்டாவது நாடகமும் அந்த சமயத்துலயே 101 காட்சியோட நின்னுச்சு.

முடி பத்திப் பேசுனதால ஏட்ரியன் கென்னடிய விட முடியாது. 1964ல 'ஃபன்னிஹவுஸ் ஆஃப் எ நீக்ரோ'. சாராங்கற ஒரு பொண்ணோட மண்டைக்குள்ள நடக்குது, அவளுக்குள்ள விக்டோரியா மகாராணி ஒரு ஆளு, இயேசு ஒரு ஆளு, காங்கோவோட முதல் பிரதமர் பேட்ரிஸ் லுமும்பா ஒரு ஆளு, எல்லாருமே அவதான், எல்லாருக்கும் முடி கொட்டிக்கிட்டே இருக்கு. கானாவுல தங்கிருந்தப்போ ஆரம்பிச்சு ரோம்ல முடிச்ச நாடகம். நாடக எழுத்தாளர் எட்வர்ட் ஆல்பியோட பட்டறைல இத வாசிக்கணும்னு வந்தப்போ, என்ன இவ்வளவு அம்பலப்படுத்துதேன்னு பயந்து வாபஸ் வாங்கப் பாத்தாங்க, அந்த அம்பலந்தான் நாடகக்காரரோட வேலைங்கற மாதிரி ஆல்பி தைரியம் சொன்னாரு. பிராட்வேக்கு வெளிய போடற நாடகங்களுக்குக் குடுக்கிற ஓபி விருது வாங்குச்சு. ஆனா கென்னடியோட நாடகம் ஒண்ணு பிராட்வே போனது 2022 டிசம்பர்ல, 'ஒஹாயோ ஸ்டேட் மர்டர்ஸ்', ஆட்ரா மெக்டொனால்ட் நடிச்சது. எழுத்தாளருக்கு அப்போ 91 வயசு. சீக்கிரமே ஜனவரிலயே மூடிட்டாங்க.

அடுத்தது என்டோசாகே ஷாங்கே, இவங்கள படிக்கிறத விட கேக்கணும். 1974 டிசம்பர்ல கலிஃபோர்னியால பெர்க்லி பக்கம் பெண்களுக்கான ஒரு பார்ல, தன் கவிதைங்கள சொல்லிக்கிட்டு, பக்கத்துல பாலா மாஸ்னு ஒரு டான்சர் ஆட, இப்படித்தான் ஆரம்பிச்சுது 'ஃபார் கலர்ட் கேர்ள்ஸ்'. தலைப்பு ரொம்ப நீளம், சுருக்கமா இப்படித்தான் சொல்வாங்க. அப்புறம் நியூயார்க் வந்து சின்னச் சின்ன எடமா ஏறி, 1976 செப்டம்பர்ல பிராட்வே பூத் தியேட்டருக்குப் போய் 742 காட்சி ஓடுச்சு. ஏழு பெண்கள், பேரு கெடயாது, நிறம்தான், செவப்பு, பச்சை, நீலம்னு. ஆட்டமும் கவிதையும் ஒண்ணா இருக்கிற இந்த வடிவத்துக்கு கோரியோபோயம்னு அவங்களே பேரு வச்சாங்க. எனக்கு உசுரு அந்த பச்சை நிறப் பொண்ணு வர்ற எடம். என்கிட்டேருந்து என் சாமானையெல்லாம் யாரோ தூக்கிட்டுப் போகப் பாத்தாங்கன்னு ஆரம்பிப்பா. என்ன சாமான்? அவ சிரிப்பு, அவ கை காலு, அவ நடக்கிற நடை, அவ தாளம். ஒருத்தன காதலிச்சப்போ அவளே அசந்திருந்த நேரத்துல எல்லாத்தையும் பொட்டலம் கட்டிட்டுப் போகப் பாத்திருக்கான், திருப்பிக் குடுடான்னு கேக்கறா.

ஷாங்கே எழுத்துக்கூட்டல பாத்தா முதல்ல தடுமாறும். பேசற மாதிரியே எழுதிருப்பாங்க, முற்றுப்புள்ளிக்கு பதிலா சாய்கோடு, பெரிய எழுத்தே கெடயாது. நாம இங்க 'வந்துட்டேன்', 'போறேன்'னு பேச்சுத்தமிழ்ல எழுதறோமே, அத யாராவது பிழைன்னா எவ்வளவு கோவம் வருமோ அப்படி ஒரு கோவம் அதுக்குள்ள இருக்கு. எந்த மொழில தன்னையே வெறுக்கக் கத்துக்குடுத்தாங்களோ அந்த மொழியத் தாக்கி உருக்குலைக்கணும்னு பல தடவ தோணிருக்குன்னு அவங்களே எழுதிருக்காங்க. கறுப்பின ஆம்பளைங்கள கேவலமா காட்டிட்டாங்கன்னு அப்போ பெரிய எதிர்ப்பும் வந்துச்சு. அதுல நான் ஷாங்கே பக்கம்தான். வெளிய அடி வாங்கற சமூகத்துல வீட்டுக்குள்ள வாங்குன அடியப் பத்தி பொண்ணுங்க பேசுனா, ஏன் இப்போ பேசறன்னு கேக்கறதும் ஒரு வாய்ப்பூட்டுதான்.

இதுக்கப்புறம் வந்தவங்கள வேகமா சொல்லிடறேன், இவங்களுக்கு தனித்தனியா பதில் எழுதணும். சூசன் லோரி பார்க்ஸ் 2002ல நாடகத்துக்கான புலிட்சர் வாங்குன முதல் கறுப்பின அமெரிக்கப் பெண். லின் நாட்டேஜ் 2009லயும் 2017லயும் ரெண்டு தடவ வாங்குனாங்க, நாடகத்துக்கு ரெண்டு தடவ வாங்குன ஒரே பெண். அன்னா டெவியர் ஸ்மித் கலவரம் நடந்த ஊருகள்ல ஆளுங்களப் பேட்டி எடுத்து, அவங்க இழுத்துப் பேசுனது, திக்குனது உட்பட வார்த்தை மாறாம ஒத்தை ஆளா மேடைல செஞ்சாங்க. பிரிட்டன்ல 1982லயே பெர்னார்டின் எவரிஸ்டோவும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து தியேட்டர் ஆஃப் பிளாக் விமன்னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க. பிராட்வேல ஒரு தியேட்டருக்கு கறுப்பினப் பெண்ணோட பேரு வந்தது 2022ல, பாடகியும் நடிகையுமான லீனா ஹார்ன்.

நாட்டேஜோட ஒரு நாடகம் மட்டும் கொஞ்சம் சொல்றேன், 'இன்டிமேட் அப்பேரல்', 2003. அவங்க கொள்ளுப்பாட்டி நியூயார்க்ல தையல்காரி, அந்தப் பாட்டிய நெனச்சு எழுதுனது. 1905ல எஸ்தர்னு ஒரு பொண்ணு பணக்காரப் பொம்பளைங்களுக்கு உள்ளாடை தைக்கிறா, பதினெட்டு வருஷமா ஒரு ரூம் வாடகைக்கு இருந்து, சம்பாதிச்ச காச ஒட்டுப் போர்வைக்குள்ள வச்சு தச்சு சேத்து வைக்கிறா, எழுதப் படிக்கத் தெரியாது. நாடகம் முழுக்க அவ மனசு நமக்கு அத்துப்படி. கடைசில மிஷின் முன்னாடி உக்காந்திருக்கிறவ ஒரு பழைய போட்டோவா மாறறா, கீழ எழுத்து வருது, அடையாளம் தெரியாத கறுப்பினத் தையல்காரி, ஏறக்குறைய 1905ன்னு.

எங்க ஆரம்பிக்கலாம்னு கேட்டீங்கல்ல. 'ஃப்ளாரன்ஸ்'லேருந்து ஆரம்பிங்க. ஒரு அங்கம்தான், ஒரே உக்காரல்ல முடிச்சிரலாம், நாலு பேரு போதும். தனியா மனசுக்குள்ள படிக்காதீங்க, ரெண்டு நாற்காலிக்கு நடுவுல ஒரு கயித்தையாவது கட்டிட்டு ஆளுக்கொரு பக்கம் உக்காந்து வாசிங்க, அந்தக் கயிறு என்ன பண்ணுதுன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும். அடுத்து 'ட்ரபிள் இன் மைண்ட்', அது முடிஞ்சு 'ரெய்சின்', அப்புறம் ஷாங்கேவ வீடியோவோ ஒலிப்பதிவோ கிடைச்சா கேட்டுட்டுப் படிங்க. கென்னடிய கடைசியா வச்சுக்கோங்க, அவங்க கஷ்டம், ஆனா மத்தவங்களப் படிச்சுட்டுப் போனா பாதி தூரம் கடந்திருப்பீங்க. 'ட்ரபிள்' வாசிக்கறப்போ அந்தப் பேப்பர் வர்ற எடத்துல மட்டும் அவசரப்படாதீங்க, வைலெட்டா வாசிக்கிறவங்களுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ குடுங்க.